நிறையைக் கழித்துப் பார்த்தல்

உயிரியலிற் பரிசோதனை என்பது பெரும்பாலும் கழித்தலாகும். தாவரத்துக்கு ஒளி எதற்கு என்று அறிய விரும்புவோர் அதை இருட்டறையில் வைக்கின்றனர். நைதரசன் எதற்கு என்று அறிய விரும்புவோர் நைதரசன் இல்லாத ஊட்டக்கரைசலில் அதை வளர்க்கின்றனர். காற்றைக் கழிக்கலாம், நீரைக் கழிக்கலாம், ஓர் உறுப்பை வெட்டி அகற்றலாம், இன்று ஒற்றைப் பரம்பரையலகையும் நீக்கிப் பார்க்கலாம். கழித்த பின்னர் எது குறைகின்றதோ அதைக்கொண்டு கழிக்கப்பட்டதன் பணியை உய்த்தறிகிறோம். ஆயின், இவ்வாறு கழிக்கவியலாத ஒன்று நெடுங்காலமாக எஞ்சியிருந்தது. அதுவே நிறை. புவியில் உயிர் தோன்றிய நாள் தொட்டு அண்மைக் காலம் வரை எந்த அங்கியும் புவியீர்ப்பின் இழுவையை உணராது ஒரு நாளேனும் வாழ்ந்ததில்லை. ஆழ்கடலில் வாழ்வனவும் அதன் ஆட்சிக்கு உட்பட்டனவே.

விண்வெளியில் நடைபெறும் உயிரியல் ஆய்வுகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் எழுதும்போது அவற்றை ஒரு வீரச் செயலாகவே காட்டுகின்றன. தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் எனக்கு அவை வேறொரு வகையிற் சுவை தருகின்றன. கழிக்க முடியாதிருந்த ஒன்றைக் கழிக்கப் பழகும் முயற்சியாகவே நான் அவற்றைப் பார்க்கிறேன். அம்முயற்சியில் மனிதர் எங்கெங்கே இடறினர், அதனின்று மீள எத்தகைய கருவிகளையும் முறைகளையும் ஆக்கிக்கொண்டனர் என்பவற்றையும், விண்ணேறும் ரொக்கெற் எதனையும் உடையதல்லாத நாட்டில் வாழும் எமக்கு அதில் என்ன அலுவல் என்பதையும் இங்கு சிந்திக்க விரும்புகிறேன்.

இம்முயற்சி விண்கலங்களுக்கு மிக முந்தியது. 1806ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த தோமஸ் அன்ட்றூ நைற் என்பவர், நீரோடையின் விசையாற் சுழலும் சில்லொன்றில் அவரை வித்துக்களைக் கட்டி முளைக்கவிட்டார். நிலைக்குத்தாக விரைந்து சுழன்ற அச்சில்லில் வேர்கள் யாவும் வெளிநோக்கி வளர்ந்தன. தண்டுகள் மையத்தை நோக்கி வளர்ந்தன. நிலத்தை நோக்கி வேர் செல்வது ஈரத்தைத் தேடியன்று, இழுவையை உணர்ந்தே என்பது இதனாற் புலனாயிற்று. 1880ஆம் ஆண்டில் சாள்ஸ் டார்வினும் அவர்தம் மைந்தர் பிரான்சிசும் வேர்நுனியை அகற்றினால் அவ்வுணர்ச்சி மறைவதைக் காட்டினர். 1900ஆம் ஆண்டளவில் ஏபர்லாந்து, நேமெச் ஆகிய இருவரும் தனித்தனியே, வேர்மூடியின் கலங்களினுள் அடியிற் படியும் மாப்பொருள் மணிகளே திசையறியும் கருவியாகும் என்னும் கருத்தை முன்வைத்தனர்.

இவையெல்லாம் நிறையை வேறொரு திசைக்குத் திருப்பிய பரிசோதனைகளே. நிறையை அகற்றியவை அல்ல. அகற்றுவதற்கு மிக அண்மையிற் சென்ற பழைய கருவி கிளைனோஸ்ரற். சேர்மன் தாவரவியலாளர் யூலியசு சக்சின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் இக்கருவி, நாற்றைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். இழுவையின் திசை ஓயாது மாறுவதால் வேர் எப்பக்கமும் வளையாது நேரே வளரும். எமது செய்முறை வகுப்பிலும் பயற்றை நாற்றுக்களைக் கொண்டு இதனை ஆண்டுதோறும் செய்துகாட்டுகிறோம்.

2022ஆம் ஆண்டின் முற்பகுதியில் நாடெங்கும் மின்வெட்டு நிலவியபோது, அது சில நாட்களில் 13 மணி நேரம் வரை நீடித்தது. அக்காலத்தில் ஒரு மாலை சுழன்றுகொண்டிருந்த எமது கிளைனோஸ்ரற் இடையில் நின்றுபோயிற்று. மறுநாட் காலை மாணவரோடு சென்று பார்த்தபோது, நான்கு நாட்களாக நேரே வளர்ந்திருந்த வேர்கள் அனைத்தும் ஒரே புள்ளியிலிருந்து நிலத்தை நோக்கி வளைந்திருந்தன. ஒரு மாணவி அவ்வளைவை அளந்து குறித்துக்கொண்டு, "அப்படியானால் சேர், இவ்வளவு நாளும் நிறை இங்கேதானே இருந்திருக்கிறது?" என்று வினவினாள். அவ்வினாவிலே கிளைனோஸ்ரற்றின் முழுக் குறைபாடும் அடங்கியிருந்தது. அக்கருவி செடியை ஏமாற்றுகிறது. நிறையோ ஒரு கணமும் அகலவில்லை. கலங்களினுள் உள்ள மணிகள் படிந்துகொண்டும் புரண்டுகொண்டும்தான் இருந்தன.

நிறையை மெய்யாகவே அகற்ற வேண்டுமாயின் பொருளைத் தடையின்றி விழவிட வேண்டும். சேர்மனியின் பிறேமன் நகரில் 146 மீற்றர் உயரமான கோபுரமொன்று இதற்கென உண்டு. அதனுள் காற்று அகற்றப்பட்ட குழாயில் விழவிடப்படும் பேழை ஏறக்குறைய 4.7 செக்கன் நேரம் நிறையின்றியிருக்கும். வானிலே பரவளைவாக ஏறி இறங்கும் விமானத்தினுள் 20 செக்கன் அளவு கிடைக்கும். சிறிய ஆய்வு ரொக்கெற்றுக்கள் சில நிமிடங்கள் தரும். கலமொன்றின் உடனடி விளைவுகளை அறிய இவை போதும். வித்து முளைத்துப் பூத்துக் காய்த்து மீண்டும் வித்தாவதைக் காண்பதற்கோ வாரங்கள் வேண்டும். அத்துணைக் காலம் விழுந்துகொண்டேயிருப்பதற்கு ஒரே வழி புவியைச் சுற்றி விழுவதாகும். விண்வெளி நிலையம் செய்வது அதுவே. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் புவியீர்ப்பு, தரையிலுள்ளதன் பத்தில் ஒன்பது பங்களவு இருக்கவே செய்கின்றது. நிலையமும் அதனுள் உள்ள அனைத்தும் ஒருங்கே விழுவதாலேயே அங்கு நிறை உணரப்படுவதில்லை.

இவ்வாறு நிறை ஈற்றிற் கழிக்கப்பட்டது. கழித்தபோது நிகழ்ந்தது என்ன? 1970களில் சோவியத் ஒன்றியத்தின் சல்யூத் நிலையங்களில் நடப்பட்ட பலவகைச் செடிகள் முளைத்தன. ஆயின் பெரும்பாலானவை பூக்கும் பருவத்தை அடையுமுன்னரே நலிந்தன. 1982ஆம் ஆண்டில் சல்யூத்–7 நிலையத்தில் அனற்றோலி பெரெசவோய், வலன்ரீன் லெபெதேவ் ஆகியோர் 211 நாட்கள் தங்கியிருந்தபோது, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிசு என்னும் சிறு செடி முதன்முறையாக அங்கே பூத்து வித்துக்களைத் தந்தது. அவ்வித்துக்களிற் பல முளைக்கும் ஆற்றல் அற்றிருந்தன. நிறையின்றேல் இனப்பெருக்கம் சிதையும் போலும் என்ற ஐயம் இதனால் வலுப்பெற்றது. அவ்வாறு எண்ணுவது இயல்பே. கழிக்கப்பட்டது நிறை, குறைந்தது வித்து, ஆகவே வித்துக்கு நிறை வேண்டும் என்பது கணக்கு.

அக்கணக்கைப் பிழையென நிறுவிய வரலாறே விண்வெளி உயிரியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்கத் தாவரவியலாளர் மேரி மஸ்கிறேவும் அவருடைய குழுவினரும் 1993, 1994ஆம் ஆண்டுகளில் விண்ணோடத்திலே அரபிடொப்சிசுவை வைத்து மூன்று பரிசோதனைகளை அடுத்தடுத்துச் செய்தனர். முதற் பரிசோதனையில் மகரந்தமும் சூல்வித்தும் தொடக்க நிலையிலேயே அழிந்தன. செடிகள் மூடிய அறையில் இருந்தமையால், இலைகளுக்குக் காபனீரொட்சைட்டுப் போதாமற் போயிருக்கலாம் என அவர்கள் ஐயுற்றனர். இரண்டாவது பரிசோதனையில் அவ்வாயுவை மிகுதியாக இட்டனர். மகரந்தமும் சூல்வித்தும் செம்மையாக உருவாகின. எனினும் மகரந்தம் வெளிப்பட்டுச் சூலகமுடியை அடையவில்லை. மூன்றாவது பரிசோதனையில் அறையினூடாகக் காற்று ஓடுமாறு செய்தனர். கருக்கட்டல் நிகழ்ந்தது, முளையங்கள் வளரத் தொடங்கின. மூன்று பரிசோதனைகளிலும் நிறையின்மை ஒன்றேதான். மாறியது காற்று மட்டுமே.

காற்றுக்கு இதில் என்ன தொடர்பு என்று வாசகர் வினவக்கூடும். தரையில் இலையைச் சூழ்ந்துள்ள காற்று வெப்பமுற்று இலேசாகி மேலெழுகின்றது. அதனிடத்தைப் புதிய காற்று நிரப்புகின்றது. மேற்காவுகை எனப்படும் இவ்வோட்டத்துக்குக் காரணம் பாரமான காற்றுக் கீழிறங்குவதாகும். நிறையில்லாத இடத்தில் பாரமானது, இலேசானது என்ற வேறுபாடே இல்லை. ஆகவே இலை தான் பயன்படுத்தித் தீர்த்த காற்றுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றது. வேரின் நிலையும் அத்தகையதே. நீர் கீழே வடிந்து செல்லாது வேரைச் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொள்ள, வேர் ஒட்சிசனின்றி மூச்சுத் திணறுகின்றது. ஒரு சிறு மின்விசிறியும், நீரை அளவறிந்து கசியவிடும் நுண்துளைக் குழாயும், சரியான பருமனுள்ள மண்மணிகளும் இருப்பின் இவ்விடர்கள் பெரிதும் நீங்கும். உயிரின் அடிப்படை விதி என்று எண்ணப்பட்டது புழுக்கமான ஓர் அறையின் குறையாக முடிந்தது.

இதனிலும் நுண்ணியதொரு படிப்பினையை மீர் நிலையத்தின் கோதுமை தந்தது. 1990ஆம் ஆண்டு முதல் அந்நிலையத்தில் 'சுவெற்' என்னும் பல்கேரியச் சிறு பசுமைக்கூடம் இயங்கியது. பிராங் சாலிஸ்பரி தலைமையிலான யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் மொஸ்கோவைச் சேர்ந்த ஆய்வாளரும் அதிலே குட்டைக் கோதுமையை வளர்க்க முனைந்தனர். சாலிஸ்பரி என்ற பெயர் எமது தாவரவியல் மாணவருக்குப் புதியதன்று. சாலிஸ்பரியும் றொஸ்ஸும் எழுதிய தாவர உடற்றொழிலியல் நூலைப் புரட்டாது பட்டம் பெற்றோர் ஒரு காலத்திற் சிலரே. 1995ஆம் ஆண்டு முயற்சியில் விளக்குகள் பழுதடைந்தமையாற் பயிர் தேறவில்லை. 1996இல் விளக்குகளும் நீரூட்டலும் திருத்தப்பட்டன. பயிர் தழைத்தது, நூற்றுக்கணக்கான கதிர்கள் வந்தன. அறுவடை புவிக்குக் கொண்டுவரப்பட்டபோது அக்கதிர்களில் ஒரு மணிகூட இருக்கவில்லை. அனைத்தும் பதர்.

நீர், ஒளி, காற்றோட்டம் யாவும் சீராக இருந்த பின்னும் பதர் என்றால், நிறையின்மையைத் தவிர வேறெதனைக் குற்றஞ் சாட்டுவது? ஆய்வாளர் அவ்வாறு அவசரப்படவில்லை. நிலையத்தின் காற்றைப் பகுத்த அறிக்கைகளைப் பார்த்தனர். அதில் எதிலீன் என்னும் வாயு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருந்தது. தரையில், நிறை குறைவின்றியுள்ள இடத்தில், அதே கோதுமையை அதே அளவு எதிலீனில் வளர்த்துப் பார்த்தனர். அங்கும் பதரே விளைந்தது.

எதிலீன் எமக்கு அந்நியமான பொருளன்று. வாழைக்குலையைக் கிடங்கில் இட்டு மூடிப் புகையூட்டிப் பழுக்கவைக்கும் எம்மவர், பெயரறியாமலே அதனைக் கையாண்டு வந்துள்ளனர். புகையிலும் கனியும் பழத்திலுமிருந்து வெளிவரும் இவ்வாயு தாவரத்தின் ஓமோன்களுள் ஒன்று. வெட்டவெளியில் அது காற்றோடு கலந்து போய்விடும். மூடிய நிலையத்தினுள் அது போக இடமில்லை. கிடங்கிலே காயைக் கனிவிக்கும் அதே வாயு, வானத்திலே கோதுமையை மலடாக்கிற்று. பின்னர் எதிலீனைத் தாங்கவல்ல 'அப்பொஜி' என்னும் கோதுமை இனம் 1998–99இல் மீரில் வளர்க்கப்பட்டபோது 500க்கு மேற்பட்ட மணிகள் கிடைத்தன.

இதற்கிடையில் 1997ஆம் ஆண்டில் மஸ்கிறேவின் பரிசோதனையொன்றை மீரிலே பராமரித்தவர் விண்வெளி வீரர் மைக்கல் ஃபோல். கடுகுக்கு உறவான ஒரு செடிக்கு, தேனீயில்லாத அவ்விடத்தில் தேனீயின் வேலையைத் தாமே செய்து கையால் மகரந்தச்சேர்க்கை நடத்தினார். அவ்வாண்டு யூன் மாதம் 25ஆம் நாள் சரக்குக் கலமொன்று நிலையத்தில் மோதி, ஒரு பகுதி காற்றிழந்து, மின்சாரமும் குன்றிய நாட்களிலும் அச்செடிகள் காக்கப்பட்டன. அங்கே விளைந்த வித்து அங்கேயே விதைக்கப்பட்டு மீண்டும் செடியாயிற்று. நிறையின்றியும் தலைமுறை தொடரும் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது. ஆயினும் அவ்வித்துக்கள் தரையில் விளைந்தவற்றை ஒத்திருக்கவில்லை. தரையில் வித்திலைகளிற் புரதம் சேமிக்கப்படும் நிலையில், அங்கே மாப்பொருள் மாறாது தங்கியிருந்தது. போலிக் காரணங்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட பின்னரே இத்தகைய மெய் வேறுபாடுகள் கண்ணுக்குப் புலப்படலாயின.

இப்பின்னணியில் நோக்கும்போதுதான் அண்மைக் காலக் கருவிகளின் பொருள் தெளிவாகின்றது. விண்ணிற்குச் செல்லும் உயிருக்கு நிறை மட்டும் கழிவதில்லை. ஏவலின் அதிர்வும் கதிர்வீச்சும் மூடிய காற்றும் அதன்மீது கூட்டப்படுகின்றன. தரையில் வைத்த ஒப்பீட்டுச் செடி இவற்றை அனுபவிப்பதில்லை. ஆகவே ஒப்பீட்டையும் விண்ணுக்கே கொண்டுசெல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டிலே கொஸ்மொஸ்–936 என்னும் சோவியத் செய்மதியில் எலிகளை மையநீக்கியிற் சுழற்றி அவற்றுக்குச் செயற்கை நிறை வழங்கப்பட்டது. 2006இல் அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட ஐரோப்பியப் பயிர்வளர்ப்புத் தொகுதியில் இரு சுழலிகள் இருந்தன. ஒன்றில் நிறையற்ற நாற்று, மற்றையதில் புவியளவு நிறையுள்ள நாற்று. காற்றும் கதிர்வீச்சும் இரண்டுக்கும் பொதுவானவை. இரண்டுக்குமிடையே காணப்படும் வேறுபாட்டை இப்பொழுது நிறைக்கு உரியதென்று துணிந்து கூறலாம்.

அத்தொகுதியில் ஜோன் கிஸ் என்பவரின் குழுவினர் செய்த ஆய்வு 2010இல் வெளியாயிற்று. பூக்குந் தாவரங்களின் தண்டு நீல ஒளியை நோக்கி வளையும் என்றே நாம் கற்பிக்கிறோம். நிறையற்ற நிலையில் அரபிடொப்சிசு நாற்றின் தண்டு சிவப்பொளியை நோக்கியும் வளைந்தது. அவ்வாற்றல் செடியில் என்றும் இருந்திருக்க வேண்டும். புவியீர்ப்பின் வலிய குரலுக்குள் அதன் மெல்லிய குரல் கேட்காதிருந்தது. இதற்கு மறுதலையாகவும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏகார்த் தளத்தில் வேர் அலையலையாகச் சாய்ந்து செல்வதற்கு நிறையே காரணம் எனக் கருதப்பட்டது. அன்னா–லிசா போல், றொபேட் ஃபேர்ல் ஆகியோர் ஒளிரும் புரதத்தின் பரம்பரையலகு புகுத்தப்பட்ட நாற்றுக்களை விண்வெளி நிலையத்தில் வளர்த்து, அங்கிருந்த நுண்படக் கருவியால் தரையிலிருந்தே அவதானித்தனர். நிறையின்றியும் வேர்கள் அலைந்து சாய்ந்தே சென்றன என 2012இல் அறிவித்தனர். நிறைக்கு உரியதல்லாத ஒரு பெருமை இதனால் அதனிடமிருந்து திரும்பப் பெறப்பட்டது.

அடுத்த இடர் தொலைவு. முன்னெல்லாம் மாதிரிகளை உறையவைத்து அல்லது இரசாயனத்தில் ஊறவைத்து, திரும்பும் கலத்துக்காக மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016ஆம் ஆண்டில் டி.என்.ஏ.யைப் பெருக்கும் சிறு கருவியொன்று நிலையத்திலே முதன்முதலாக இயக்கப்பட்டது. அப்பரிசோதனையை வகுத்தவர் ஒரு பாடசாலை மாணவி. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் கேற் றூபின்ஸ், உள்ளங்கையில் அடங்கும் கருவியொன்றால் டி.என்.ஏ.யின் வரிசையை அங்கேயே வாசித்தார். 2017இல் நிலையத்திற் சேகரித்த நுண்ணங்கிகளைப் புவிக்கு அனுப்பாமலே பெகி விற்சன் இனங்காண முடிந்தது. 2017இல் அனுப்பப்பட்ட உயர்தரத் தாவரக்கூடத்தில் 180க்கு மேற்பட்ட உணரிகள் ஒளி, ஈரம், வெப்பம், வாயுக்கள் ஆகியவற்றைக் கணந்தோறும் தரைக்கு அறிவிக்கின்றன. எதிலீனை அகற்றும் ஏற்பாடும் அதிலுண்டு. மீரின் பதர்க் கதிர்கள் வீண் போகவில்லை.

மனித உடலைப் பற்றிய ஆய்வுகளிலும் இதே சிக்கல் வேறுருவில் நிற்கின்றது. விண்வெளியில் உடலின் பாரந்தாங்கும் எலும்புகள் மாதமொன்றுக்கு நூற்றுக்கு 1 முதல் 1.5 வரை அடர்த்தியை இழக்கின்றன. இது பலரிடத்து அளந்து பெற்ற உண்மை. 2015–16இல் ஸ்கொற் கெலி 340 நாட்கள் நிலையத்தில் வாழ்ந்தபோது அவருடைய இரட்டைச் சகோதரர் மார்க் கெலி புவியில் ஒப்பீடாக இருந்தார். பரம்பரையலகால் ஒத்த இருவரை ஒப்பிட்ட அவ்வாய்வு 2019இல் வெளியாகிப் பெரும் புகழ் பெற்றது. அழகிய ஆய்வுதான், ஆயின் அங்கே சென்றவர் ஒருவர், இங்கே இருந்தவர் ஒருவர். ஒன்றிலிருந்து விதி பிறவாது என்பதை அவ்வாய்வாளரே நன்கு அறிந்திருந்தனர். மனிதக் கலங்களைச் சிறு தகடுகளில் வளர்த்து இழையம்போல் இயங்கச் செய்யும் தொகுதிகள் 2018 டிசெம்பர் முதல் நிலையத்துக்கு அனுப்பப்படுவது இக்குறையை நிரப்பும் முயற்சிகளில் ஒன்று. மனிதரைப் பெருக்க முடியாது, தகடுகளைப் பெருக்கலாம்.

இவற்றையெல்லாம் நான் ஆர்வத்தோடு எடுத்துரைத்த ஒருநாள், விவசாய பீடத்து நண்பரொருவர் என்னை இடைமறித்தார். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்ட போகத்தின் துயரத்தை வயல்தோறும் சென்று கண்டவர் அவர். "இங்கே வயலிலே பசளை இல்லை, அவர்கள் வானத்திலே கீரை நடுகிறார்களோ? அதைப் போய் நீர் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீரோ?" என்றார். அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. விண்வெளியிற் பறித்துண்ணப்படும் ஓர் இலைக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டால், அது எந்த ஏழையின் உலையையும் கொதிக்கச் செய்யாது என்பது வெளிப்படை. விண்வெளி ஆய்வின் பயன்கள் தாமாகவே வழிந்து எம்மிடம் வந்து சேரும் என்று கூறுவோரை நானும் நம்புவதில்லை.

ஆயினும் அவருக்கு நான் கூறிய மறுமொழி இதுவே. ஒப்பீட்டுப் பாத்தி இல்லாத வயற் பரிசோதனையை நீங்கள் ஏற்பீர்களா? ஏற்கமாட்டீர்கள். பயிர் நலிந்தால் மண்ணோ, நீரோ, பூச்சியோ, பசளையோ என்று பிரித்தறியாமல் ஒன்றன்மீது பழி போட்டுவிடுவதால் உழவர் எத்துணை இழந்துள்ளனர் என்பதை எம்மிலும் நீங்கள் அறிவீர்கள். கோதுமை பதரானதற்கு நிறையின்மையைக் குற்றஞ் சாட்டாது, காற்றுப் பகுப்பு அறிக்கையைத் தேடிப் படித்த அந்தப் பொறுமையையே நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய காரணம் கண்முன்னே நிற்கும்போது சிறிய காரணத்தைத் தேடுவது மிகக் கடினம். அதற்கு விண்வெளி உயிரியலைப் போன்ற பயிற்சிக்களம் வேறில்லை. நண்பர் முற்றாக உடன்பட்டார் எனச் சொல்லமாட்டேன். ஆனால் மீர்க் கோதுமை பற்றிய கட்டுரையை என்னிடம் இரவல் வாங்கிச் சென்றார்.

எமக்கு இதில் அலுவல் இல்லை என்றும் கூறுவதற்கில்லை. 2024 டிசெம்பர் 30ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய ரொக்கெற்றின் இறுதிப் பகுதி விண்ணிலேயே ஓர் ஆய்வுமேடையாக நிறுத்தப்பட்டது. அதனுள் வைக்கப்பட்ட எட்டுக் கௌபி வித்துக்கள் நான்கு நாட்களுள் முளைத்துப் பின்னர் இலையும் விட்டன. எமது சமையலறைகளில் அவியும் அதே கௌபி. ஐக்கிய நாடுகளின் விண்வெளி விவகார அலுவலகம் 2013 முதல் பல நாடுகளின் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிலையங்களுக்கும் கிளைனோஸ்ரற்றுக்களை வழங்கி வந்துள்ளது. எல்லாவற்றினும் மேலாக, விண்வெளியிற் பெறப்பட்ட பரம்பரையலகுத் தரவுகளை அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2015 முதல் எவரும் கட்டணமின்றிப் பெறக்கூடிய களஞ்சியமாகத் திறந்து வைத்துள்ளது. கோடிக்கணக்கான செலவில் விளைந்த அறுவடையின் கணக்கேடு அது. அதைப் படிப்பதற்கு ரொக்கெற் வேண்டியதில்லை.

எமது இறுதியாண்டு மாணவர் இருவர் அத்தரவுகளைக் கொண்டு தம் ஆய்வைத் தொடங்கினர். எந்தப் பரம்பரையலகு கூடிற்று, எது குறைந்தது என்று உடனே கணக்கிடவே அவர்கள் ஆவலுற்றிருந்தனர். தரையில் வைக்கப்பட்ட ஒப்பீட்டு நாற்றுக்களின் விவரங்களை முதலில் வாசிக்குமாறு கேட்டுக்கொண்டேன். அவை எத்தனை நாள் இருளில் இருந்தன, நிலையத்தின் வெப்பநிலை அவற்றுக்கும் வழங்கப்பட்டதா, நிலையத்தில் மிகுந்துள்ள காபனீரொட்சைட்டு அவற்றைச் சூழவும் இருந்ததா என்று தேடுவதிலேயே அவர்களுக்கு இரு வாரங்கள் கழிந்தன. அவ்விரு வாரங்கள் முடிந்தபோது, தாம் ஒப்பிட எண்ணியிருந்த இரு தொகுதிகளில் ஒன்றை அவர்கள் தாமாகவே விலக்கி வைத்தனர். அதன் தரை ஒப்பீட்டுக்கு அதே காற்று வழங்கப்பட்டதற்கான குறிப்பு எதனையும் அவர்கள் காணவில்லை. ஆய்வு சிறிதாயிற்று, கூறப்போகும் முடிபோ உறுதியாயிற்று.

விண்வெளிக்குச் செல்லும் கருவிகள் இனியும் சிறுத்து, மலிந்து, கூர்மையுறும் என்பதில் ஐயமில்லை. சந்திரனின் மண்ணிலும் அரபிடொப்சிசு முளைக்கும் என்பதை, அப்பலோ வீரர் கொணர்ந்த மண்ணிற் செடியொன்றுக்கு ஒரு கிராம் வீதம் இட்டுச் செய்த பரிசோதனை 2022இற் காட்டிவிட்டது. முளைத்தவை நலிந்திருந்தன. அந்நலிவுக்கு மண்ணின் இரும்பா, அதன் கூரிய துகள்களா, வேறேதுமா காரணம் என்பதைப் பிரித்தறிய வேண்டும். எமது மாணவருட் சிலர் அந்த வரிசையிற் போய் நிற்பர் என நம்புகிறேன். அவர்கள் அங்கே கொண்டுசெல்ல வேண்டிய கருவி ஒன்றே. ஒரு செடி வாடினால், அதன் அருகில் வாடாதிருக்க வேண்டிய மற்றைச் செடி எங்கே என்று முதலிற் கேட்கும் பழக்கம் அது. அதனை எந்தச் செய்முறைக் கூடத்திலும், மின்சாரம் இல்லாத நாளிலும், கற்றுக்கொள்ளலாம்.